மண் திருப்பி இழுக்கும்போது

டிராக்டர் இழுப்பதற்காகப் பிறந்த வண்டி. கலப்பையோ ரோட்டவேட்டரோ டிரெய்லரோ, எதை மாட்டினாலும் அது பின்னால் வரும், டிராக்டர் முன்னால் போகும். விசைகள் எல்லாம் பெரும்பாலும் நிலத்தை ஒட்டியே ஓடும். அந்த வண்டியின் பின்புறத்தில் மண் தோண்டும் கை ஒன்றைப் பொருத்திவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. ஊரில் ஜேசிபி என்று சொல்கிறோமே, அதன் பின்பாதியை மட்டும் கழற்றி மினி டிராக்டரில் மாட்டியதுபோல் இருக்கும் அந்தக் கருவியின் பெயர் பேக்ஹோ. இப்போது வண்டி நிற்கிறது, கை வேலை செய்கிறது. பக்கெட் மண்ணைத் தன் பக்கம் இழுக்கிறது. அதே அளவு விசையோடு மண்ணும் வண்டியைத் தன் பக்கம் இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு மினி டிராக்டர் என்ற சலுகையெல்லாம் கிடையாது.

எந்தப் பேக்ஹோவை வாங்குவது, அதை எப்படி மாட்டுவது என்று எழும் கேள்விகள் பலவும் ஒரே கேள்வியில் அடங்கிவிடுகின்றன: மண் திருப்பி இழுக்கும் அந்த விசை வண்டிக்குள் எந்த வழியாகப் போய் எங்கே இறங்குகிறது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெய்னோ ஹோலோபைனனும் ராய் ஹேண்டியும் சேர்ந்து நடத்திய வெய்ன்-ராய் நிறுவனம், முழுக்க ஹைட்ராலிக்கில் இயங்கும் முதல் பேக்ஹோவை 1948இல் விற்றது. வாங்கியது கனெக்டிகட் மாநிலத்து மின்சார நிறுவனம். விலை 705 டாலர். கை பொருத்தப்பட்டிருந்தது ஃபோர்டு 8என் டிராக்டரில். அந்த 8என் ஏறத்தாழ 1,100 கிலோ எடையும் 25 குதிரைத்திறனுக்கு அருகிலான சக்தியும் கொண்ட வண்டி. இன்று மினி டிராக்டர் என்று விற்கப்படுபவற்றின் அளவு அது. பேக்ஹோ பெரிய இயந்திரமாகப் பிறந்து பிற்பாடு சிறிய டிராக்டருக்காகச் சுருக்கப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர் எதிர். சிறிய டிராக்டரில்தான் அது பிறந்தது; பிரிட்டனில் ஜோசஃப் சிரில் பாம்ஃபோர்டும் அமெரிக்காவில் கேஸ் நிறுவனமும் 1950களில் அதைப் பெரிய வண்டியாக வளர்த்தார்கள். இந்தியாவில் 1979இல் கூட்டு நிறுவனமாகத் தொடங்கிய பாம்ஃபோர்டின் ஜேசிபி, பிறகு ஊர் ஊராகப் போய் மண் தோண்டும் வண்டிக்கெல்லாம் தன் பெயரையே கொடுத்துவிட்டது.

அந்த 8என் டிராக்டருக்கு இரண்டு மரபுகள் உண்டு. இரண்டும் நம் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புள்ளவை.

முதலாவது, அடிச்சட்டம் இல்லாத உடல். லாரிக்கு நீளமான இரும்புச் சட்டம் உண்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான டிராக்டர்களில் அப்படி எதுவும் இல்லை. எஞ்சின், கிளட்ச் உறை, கியர்பாக்ஸ், பின் அச்சின் உறை ஆகிய வார்ப்பிரும்புப் பெட்டிகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கினால் அதுவே வண்டி. 1917இல் வந்த ஃபோர்டுசன் டிராக்டர் இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. மலிவானது, எளிமையானது, நேர்க்கோட்டில் இழுக்க இது போதும். ஆனால் வார்ப்பிரும்புக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தினால் தாங்கும், இழுத்து வளைத்தால் விரிசல் விடும்.

இரண்டாவது, ஹாரி ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு. ஃபோர்டுசன் காலத்தில் கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால் டிராக்டரின் மூக்கு மேலே தூக்கி, வண்டி ஓட்டுநர்மேலேயே கவிழ்ந்துவிடும். பலர் அப்படி இறந்தார்கள். ஃபெர்குசன் கீழே இரண்டு கரங்களும் மேலே ஒரு தண்டும் வைத்தார். நம் ஓட்டுநர்கள் டாப் லிங்க் என்று சொல்வது அந்த மேல்தண்டைத்தான். கலப்பை பின்னால் இழுக்கப்படும்போது அதன் தலை முன்னால் சாயப் பார்க்கும். டாப் லிங்க் அந்தச் சாய்வைத் தாங்கி, முன் சக்கரங்களைத் தரையில் அழுத்தி வைக்கும். 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்த இந்த ஏற்பாடு இன்றுவரை உலகம் முழுக்க அப்படியே இருக்கிறது. ஓட்டுநரின் உயிரைக் காத்த அந்த இணைப்பில் பேக்ஹோவை மாட்டினால் அதே ஓட்டுநருக்கு ஆபத்து. ஏன் என்று பார்க்கும் முன் கையின் பலத்தைக் கொஞ்சம் கணக்கிட்டுவிடலாம்.

மனிதக் கையில் தோள், முழங்கை, மணிக்கட்டு இருப்பதுபோல் பேக்ஹோவில் மூன்று மூட்டுகள். டிராக்டரை ஒட்டியது பூம், அடுத்தது ஸ்டிக், நுனியில் பக்கெட். மூன்றையும் அசைக்க ஒவ்வொரு ஹைட்ராலிக் சிலிண்டர், இடமும் வலமும் திருப்ப ஒன்றோ இரண்டோ. மினி டிராக்டரின் பம்பு தருவது தோராயமாக 170 பார் அழுத்தம், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 170 கிலோ. சிலிண்டரின் உள்விட்டம் 63 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 31 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 5,300 கிலோ! அழுத்தம் மூடிய திரவம் முழுவதும் ஒரே அளவாகப் பரவும் என்று பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன விதி, ஒரு சுண்டுவிரல் தடிமனுள்ள ஹோஸ் வழியாக ஐந்து டன்னைத் தூக்கிப் போகிறது. நெம்புகோல் கணக்கில் அது பக்கெட்டின் பல்லுக்கு வந்து சேரும்போது நாலில் ஒரு பங்காகக் குறையும் என்று வைத்துக்கொண்டாலும் 1,300 கிலோ மிஞ்சும்.

டிராக்டர் 1,200 கிலோ, மாட்டியிருக்கும் பேக்ஹோ 500 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 1,700. நிலத்தின் பிடிமானம் எடையில் அறுபது சதவீதம் என்றால் ஏறத்தாழ 1,000 கிலோ இழுவிசை வந்தவுடனே வண்டி வழுக்கத் தொடங்கிவிடும். பக்கெட்டுக்கு இருப்பதோ 1,300 கிலோ பலம். ஆக, கெட்டி மண்ணில் பக்கெட் மண்ணைத் தன்னிடம் கொண்டுவருவதற்குப் பதில் வண்டியை மண்ணிடம் கொண்டுபோகும். மினி டிராக்டரில் பேக்ஹோ ஓட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பம்பைப் பெரிதாக்கினால் நன்றாகத் தோண்டும் என்று நினைப்பது வீண். எல்லையைப் போடுவது எடை. அதனால்தான் இரு பக்கமும் ஊன்றுகால்களை இறக்கிப் பின் சக்கரங்களின் சுமையை அவற்றின்மேல் ஏற்றுகிறார்கள். முன்னால் மண் அள்ளும் லோடர் இருந்தால் அதன் பக்கெட்டையும் தரையில் ஊன்றி நங்கூரமாக்குகிறார்கள்.

இனி இணைப்புக்கு வருவோம். கலப்பை 20 சென்டிமீட்டர் ஆழத்தில் உழுகிறது. கீழ்க்கரங்களிலிருந்து அது அரை மீட்டர் கீழே இருக்கலாம். மண் ஒரு டன் விசையோடு இழுத்தால், அரை மீட்டர் உயரமுள்ள டாப் லிங்க் அமைப்பில் சுமார் ஒரு டன்தான் அழுத்தும். பேக்ஹோவின் பக்கெட் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது அதே ஒரு டன் இழுப்பு, கீழ்க்கரங்களிலிருந்து இரண்டு மீட்டருக்கு அருகே வேலை செய்கிறது. டாப் லிங்கில் விழுவது நான்கு டன்னை நெருங்கும். ஊன்றுகால்கள் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், மீதி முழுவதும் பின் அச்சு உறையின் ஒரு சிறிய வார்ப்பிரும்புக் காதில் குவிகிறது. அங்கிருந்து, சட்டமில்லாத அந்த உடலின் நடுப்பகுதியை, கிளட்ச் உறையின் போல்டுகளை, அது வளைக்கப் பார்க்கிறது. பக்கெட்டை வெளியே தள்ளினால் வளைவு மறுபக்கம். ஒரு மணி நேரத்தில் இப்படி நூற்றுக்கணக்கான முறை. இந்த முன்னும்பின்னுமான வளைவில் டிராக்டர்கள் நடுவே விரிசல் கண்டு பிளந்த கதைகள் அமெரிக்கப் பண்ணைகளில் சாதாரணம்.

உடல் பிளப்பது செலவு. அதைவிடக் கெட்டது ஒன்று உண்டு. டிராக்டரின் பின் கரங்கள் மேலே தூக்கத்தான் தெரிந்தவை, கீழே அழுத்த அவற்றால் முடியாது. கலப்பை மேடுபள்ளத்தில் தானாக மிதக்க வேண்டுமே! பூமைக் கீழே அழுத்தினால் பேக்ஹோவின் சட்டம் மேலே எழும்பும். தடுக்க ஆள் இல்லாத அந்தக் கரங்களோடு சேர்ந்து, டாப் லிங்கைச் சுற்றி மடங்கி, முன்னால் வரும். அதற்கும் டிராக்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுநர். பக்கவாட்டில் கையை வேகமாகத் திருப்பி நிறுத்தும்போது வரும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கோ இரண்டு செயின்கள் மட்டும்தான். நசுங்கிச் செத்தவர்கள் உண்டு. மூன்று புள்ளியில் மாட்டும் பேக்ஹோ விலையில் குறைவு, மாட்டுவது சுலபம், 'எந்த டிராக்டருக்கும் பொருந்தும்' என்று விற்பார்கள். எந்த டிராக்டருக்கும் பொருந்துவது, எந்த டிராக்டரின் விசைவழியையும் யோசித்துச் செய்யப்படாதது என்றே நான் எடுத்துக்கொள்வேன். மேல்தண்டை இறுக்கிப் பூட்டி, கரங்கள் மேலெழாமல் கம்பி கொடுத்துக் கட்டிய நல்ல வடிவங்களும் இருக்கின்றன. இருந்தும் என் காசைப் போடச் சொன்னால் தயங்குவேன்.

மாற்று வழிதான் அடிச்சட்டம். டிராக்டரின் வயிற்றுக்குக் கீழே இரண்டு எஃகுத் தண்டவாளங்கள், பின் அச்சு உறையில் தொடங்கி முன்னால் லோடர் பிடிக்கும் இடம்வரை அல்லது முன் அச்சின் தாங்கிவரை ஓடும். பேக்ஹோ கொக்கியும் பின்னும் போட்டு அதன் பின்முனையில் பூட்டப்படும். இப்போது மண் இழுக்கிற விசை எஃகில் நுழைந்து, வண்டியின் முழு நீளத்திலும் பரவி, முன்பக்க எடையைத் தொட்டு நிற்கிறது. கிளட்ச் உறைக்கு அதன் பழைய வேலை மட்டும். 1917இல் சிக்கனம் கருதித் தூக்கி எறிந்த சட்டத்தை, தோண்டுவதற்கு என்று வரும்போது மறுபடி கீழே கட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு டிராக்டர் மாடலுக்கும் அதன் போல்ட் துளைகளுக்கு ஏற்பத் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டியிருப்பதால்தான் விலை ஏறுகிறது. வாங்கும்போது கையைவிட முதலில் இந்தச் சட்டத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்: எவ்வளவு தூரம் முன்னால் போகிறது, எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறது என்று.

அடுத்தது ஆயில். மினி டிராக்டர்களில் பெரும்பாலும் பம்பு ஓடும்வரை ஆயில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்: பம்பிலிருந்து லோடர் வால்வு, அங்கிருந்து பின் கரங்களைத் தூக்கும் வால்வு, பிறகு தொட்டி. பேக்ஹோவின் வால்வு இந்த ஓட்டத்தின் நடுவே நுழைய வேண்டும். அதற்கென்று லோடர் வால்விலிருந்து முழு அழுத்தத்தோடு ஆயிலை அடுத்த வால்வுக்கு அனுப்பும் தனி வாய் உண்டு. பவர் பியாண்ட் என்பது அதன் பெயர். தெரியாமல் லோடர் வால்வின் சாதாரண வெளியேற்ற வாயில் ஹோஸை மாட்டினால், தொட்டிக்குத் திரும்பும் மெல்லிய அழுத்தத்துக்காகச் செய்த பகுதியில் 170 பார் ஏறும். வால்வு உடல் வெடிக்கலாம். பேக்ஹோவைக் கழற்றிய பிறகு, அதற்குப் போன ஹோஸையும் அதிலிருந்து திரும்பிய ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிடவும் வேண்டும். சும்மா தொங்க விட்டு எஞ்சினைக் கிளப்பினால் ஆயிலுக்குப் போக வழியில்லை. அழுத்தம் எல்லை மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு அந்த இடத்துக்கு முன்னால் இருந்தால் அது அலறும். இல்லாவிட்டால் எதுவோ ஒன்று உடையும்.

ஆயில் வாய்களே இல்லாத பழைய டிராக்டருக்கு இன்னொரு வழி: டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் மாட்டும் தனிப் பம்பும் தனித் தொட்டியும். நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் அந்தத் தண்டோடு சேர்ந்து பம்பின் உடலும் சுற்றிவிடாமல் ஒரு செயின் போட்டு வண்டியோடு கட்டுவார்கள். அந்தச் செயின் அற்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அழுத்தம் பலத்தைத் தரும், ஓட்டம் வேகத்தைத் தரும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 31 சதுர சென்டிமீட்டர் பரப்பும் அரை மீட்டர் நீட்சியும் உள்ள சிலிண்டர் நிரம்ப ஒன்றரை லிட்டர் ஆயில் வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் பம்பில் அது ஏறத்தாழ ஐந்து விநாடி. பெரிய ஜேசிபியின் வேகத்தை எதிர்பார்த்து வாங்குபவர்கள் இங்கேதான் முகம் சுளிப்பார்கள். ஹோஸில் கசிவு தெரிந்தால் கையை வைத்துத் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசிமுனைத் துளையில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பார்ப்பதே வழக்கம்.

எவ்வளவு பெரிய கை? மினி டிராக்டர்களுக்கு ஆறிலிருந்து ஒன்பது அடி ஆழம் தோண்டும் கைகள் கிடைக்கின்றன. ஆசை ஒன்பதைத்தான் கேட்கும். வண்டி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். மேலே சொன்ன 1,200 கிலோ டிராக்டரில் முன் அச்சில் 480 கிலோ இருக்கட்டும்; சக்கர இடைவெளி 1.6 மீட்டர். மடக்கிய 500 கிலோ கையின் எடைமையம் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்தால், அது முன் அச்சிலிருந்து 312 கிலோவைத் தூக்கிவிடும். மிச்சம் 168. வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது இங்கே 240 கிலோ, முன்னால் இருந்தால்தான் ஸ்டியரிங் கேட்கும் என்பது பொதுவான அளவுகோல். முன்னால் லோடரோ எடைக்கட்டிகளோ இல்லாமல் இந்த வண்டியை வரப்பு ஏற்றினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். இன்னும் நீளமான கை என்றால் எடையும் கூடும், எடைமையமும் பின்னால் நகரும். பாதிப்பு பெருகிக்கொண்டே போகும். ஏழடி போதுமா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிப்பது நல்லது. பக்கெட்டிலும் அப்படித்தான்: சிறியதே பலசாலி. அதே விசை 24 அங்குல அகலத்தில் பரவுவதைவிட 12 அங்குலத்தில் குவிந்தால் கெட்டி மண் வெட்டுப்படும். குழாய் புதைக்கவும் குறுகிய பள்ளமே தேவை.

மாட்டும் வேலை பார்க்க அழகானது. டிராக்டரின் கீழ்க்கரங்களையும் இழுவைக் கட்டையையும் முதலில் கழற்றிவிட வேண்டும். பேக்ஹோ தன் ஊன்றுகால்களிலும் பக்கெட்டிலும் முக்காலியாக நிற்கும். அதை நோக்கி டிராக்டரைப் பின்னோக்கி நகர்த்தி, கொக்கிகளுக்குச் சில அங்குலம் முன்பே நிறுத்தி, பூட்டுவதற்கு முன்னாலேயே ஹோஸ்களை இணைக்கிறார்கள். இப்போது அந்தக் கைக்கு உயிர் வந்துவிட்டது. ஊன்றுகாலைக் கொஞ்சம் ஏற்றி, பூமைக் கொஞ்சம் அழுத்தி, அரை டன் இரும்பு தானே தன்னைச் சாய்த்துக்கொண்டு கொக்கிகளில் போய் அமர்கிறது. பின்னைச் செருகிப் பூட்டு போட வேண்டியது மட்டும் மனிதனின் வேலை. கிரேன் வேண்டாம், நாலு ஆள் வேண்டாம். சமதளமான இடமும் பொறுமையும் வேண்டும். புதிய சட்டத்தின் போல்டுகள் முதல் சில மணி நேர வேலையில் தளரும் என்பதால் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இந்த மினி டிராக்டர் ஜப்பானிய நெல்வயலுக்காக வடிவெடுத்தது. குபோட்டா தன் 21 குதிரைத்திறன் எல்200 வண்டியை 1969இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது அங்கே நெல்வயல் வைத்திருந்தவர்கள் குறைவு. வீட்டோடு சில ஏக்கர் நிலம் வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். சின்ன வண்டியில் பேக்ஹோ மாட்டும் பழக்கம் அவர்களிடம்தான் மறுபடி தழைத்தது. நம் ஊரில் நிலைமை வேறு. கோயம்புத்தூரிலேயே டிராக்டருக்கான பேக்ஹோ தயாராகிறது என்றாலும், கூப்பிட்டால் வாடகைக்கு ஜேசிபி வந்து நிற்கும்போது சொந்தமாக ஒன்று எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பண்ணைக்குட்டை ஒன்று வெட்ட வேண்டும் என்றால் வாடகை வண்டியே சரி. ஆனால் ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டி நுழையவே கூடாத இடங்கள் இருக்கின்றன. 2.7 மீட்டர் இடைவெளியில் நட்ட பாக்குத் தோப்பில் வடிகால் எடுக்க வேண்டும். வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே குழாய் போட வேண்டும். தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடி குழி வருஷா வருஷம் பத்து இருபது வெட்ட வேண்டும். இப்படி வேலை சிறுகச் சிறுக வந்துகொண்டே இருப்பவருக்குத்தான் சொந்தக் கை லாபம்.

அவர் மண்ணில் முதல் பல்லை இறக்கும் முன் கீழே என்ன ஓடுகிறது என்று விசாரிக்க வேண்டும். கேபிள்களும் எரிவாயுக் குழாய்களும் அறுபடாமலிருக்க, தோண்டுகிறவர் அவற்றைப் புதைத்த நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் வெளியிட்டது.

பிறகு ஊன்றுகால்கள். அடிச்சட்டம் வழியாக ஓடி வந்த விசையில் பெரும்பங்கு கடைசியில் இறங்கும் இடம் அவைதான்: ஒரு பாதம் முப்பது சென்டிமீட்டர் சதுரம், அதன்மேல் ஒரு டன். காய்ந்த செம்மண் அதைத் தாங்கும். நீர் பாய்ந்த வயல் தாங்காது, பலகை போட வேண்டும். பேக்ஹோ எப்போதும் தன் காலடியை நோக்கியே தோண்டிக்கொண்டு வருகிற இயந்திரம். ஒவ்வொரு இழுப்பிலும் பள்ளத்தின் விளிம்பு பாதத்தை நெருங்கும், எடுத்த மண்ணை அங்கேயே குவித்தால் அதன் சுமையும் சேரும். அனுபவமுள்ள ஓட்டுநர் மண்ணை விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளிக் கொட்டுவார். கைக்கு இன்னும் ஓரடி எட்டும் என்று தெரியும்போதே கால்களைத் தூக்கி வண்டியை முன்னால் நகர்த்திவிடுவார்.